கொசுறு

லாரமி தாண்டியதும் சாலை நிமிர்கிறது.
பின்னால் டிரெய்லரில் ஆறு காளைகள்.
அவை கால் மாற்றி நிற்கும்போதெல்லாம்
ஸ்டீயரிங்கில் எனக்குச் செய்தி வருகிறது.

கியர் தண்டின் நுனியில்
கட்டைவிரலுக்கென்றே ஒரு பொத்தான்.
அழுத்தினேன்.
மஞ்சள் விளக்கு எரிந்தது: ஓவர்டிரைவ் இல்லை.
எஞ்சின் தொண்டையைத் திறந்தது.

"கத்துது பார்" என்றான் டெல்மர்.
"கத்தட்டும்."
"டீசல் குடிக்கும்."
"குடிக்கட்டும்."
முழங்கால்மேல் நோட்டு, காதில் பென்சில்.
காலனுக்கு எத்தனை மைல் என்று
இருபத்தாறு வருடமாக எழுதிவருகிறவன்.

நான்காவது கியர் வேறொன்றுமில்லை,
எஞ்சின் ஒரு சுற்று கொடுத்தால்
தண்டுக்கு ஒன்றேகாலுக்கும் மேலே அளந்து போடுவது.
அந்த மேலே இருப்பது கொசுறு.
சமதரையில், வெறும் வண்டியில் கேட்டால்
கடைக்காரன் சிரித்துக்கொண்டே தருவான்.
ஆறு காளையோடு மேட்டில் போய்க் கேட்டால்
முதலில் கைவைப்பான்.

போன ஆகஸ்டில் வைத்தான்.
அன்று ஓட்டியது டெல்மர்.
மூன்றா நான்கா என்று
வண்டிக்கே தெரியவில்லை.
நான்குக்கு ஏறும், மூச்சு போதாது, மூன்றுக்கு இறங்கும்,
சற்றுத் தெம்பு வந்ததும் மறுபடி நான்கு.
வாசலில் நின்று
உள்ளே வருவதா போவதா என்று
செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டும் விருந்தாளி மாதிரி.
ரேடியோவில் வைக்கோல் விலை சொன்னார்கள்.
வண்டிக்குள் அப்படியொரு அமைதி.
பிறகுதான் அந்த வாசனை,
பாகு கருகினாற்போல.

இக்னாசியோ டஃபோயா அளவுகோலை உருவி
வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்.
சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய்
காப்பி நிறத்தில் இருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பில் சொன்னது: மூவாயிரத்து இருநூறு டாலர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
நாங்களும் நான்காவதில்தான் ஓடினோம்.
உப்பை நகர்த்து, கதவைச் சாத்து,
கன்றுக்கு மருந்து போட்டாச்சா.
குரல் ஏறவே இல்லை.
சூடு எங்கே சேர்ந்துகொண்டிருந்தது என்று
காட்ட எங்களுக்கு முள் கிடையாது.

மார்ச்சில் ஒருநாள் கத்தினேன்.
எதற்கென்று இப்போது நினைவில்லை,
ஏதோ வாளி.
அவனும் கத்தினான்.
நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினோம்.

மேடு முடிந்தது.
வெப்ப முள் நடுவில், அசையாமல்.
இறக்கத்திலும் மூன்றிலேயே விட்டேன்,
பிரேக்கைத் தொட்டும் தொடாமலும்.
எஞ்சின் பின்னுக்குச் சாய்ந்து
காளைகளைப் பிடித்துக்கொண்டது.
டெல்மர் நோட்டைப் பார்த்தபடி
"பதினொண்ணரை இருந்தது ஒன்பதாகும்" என்றான்.
ஆகட்டும்.

டோரிங்டன் சந்தையில்
ஆறும் பதினான்கு நிமிடத்தில் போயின.
இரண்டு வருடமாகப் புல் வரவில்லை,
எல்லாருக்கும் வரவில்லை,
விலையைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.
முதுகில் எண் ஒட்டிய கடைசிக் காளை
கம்பிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததா என்றால்
பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தது.

திரும்பும் வழியில் பொத்தானை விடுவித்தேன்.
விளக்கு அணைந்தது.
கொசுறு, இப்போது தாராளமாக.
பலகைகள் மட்டும் கடகடத்தன.
ஸ்டீயரிங்கில் செய்தி எதுவும் இல்லை.
டெல்மர் பென்சிலை எடுத்தான்.

ஆர்லிங்டன் பக்கம் காற்று பிடித்தது.
பார்த்தால் தட்டைத் தரை,
வானம்வரை ஒரு மேடு கிடையாது.
ஆனாலும் வண்டி
நான்கு, மூன்று, நான்கு என்று
மறுபடி செருப்பைக் கழற்றத் தொடங்கியது.
வெறும் டிரெய்லர், ஆனால்
எதிர்க்காற்றுக்கு அது சுவர்.
வரைபடத்தில் இல்லாத மலையொன்றை
நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம்.

நான் பேசாமல் இருந்தேன்.
கை எடுக்கவுமில்லை.

அவன் பென்சிலைக் காதில் செருகினான்.
என் பக்கமாகச் சாய்ந்து
கட்டைவிரலால் அழுத்தினான்.
மஞ்சள் வெளிச்சம்
அவன் மணிக்கட்டு முடிகளில் பட்டது.

சத்தத்தில் ஏதோ சொன்னான், கேட்கவில்லை.
"என்ன?" என்று கத்தினேன்.
"ராலின்ஸ் இன்னும் அறுபது மைல்!" என்று
அவனும் கத்தினான்.